மியூட் மட்டும் சிவப்பு

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாவதை வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு "அதான்" என்றார். வேண்டாம் என்பதற்கும் அதான். தண்ணீருக்கும் அதான். வாசலில் யார் என்று கேட்டாலும் அதான். பொங்கல் கழிந்த வாரம் கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கும்போது சாய்ந்தவர், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததிலிருந்து இந்த ஒரு சொல்லோடுதான் இருக்கிறார். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். வலது கை தொங்கிவிட்டது, பேச்சு போய்விட்டது. கால் தேவலை, பிடித்துக்கொண்டால் நடக்கிறார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சுடர்விழி மேடம்தான் இந்த நோட்டை எழுதச் சொன்னார். "அவர் தினமும் என்ன சொல்றார்னு எழுதி வைங்க. உங்களுக்குத் தோணுறதையும் எழுதுங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். முதல் பக்கத்தில் 'நோயாளி ரெமிஜியஸ், எழுதுபவர் மனைவி அருள்ஜோதி' என்று மேடமே எழுதிக் கொடுத்தார். நோயாளியாம். சத்துணவுக் கூடத்தில் அரிசிக் கணக்கு எழுதிய கை இது, இதையும் எழுதும்.

பிப்ரவரி 8, சனி

அதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பிரபு வந்தான். எங்கள் சவுண்ட் சர்வீஸில் பல வருடமாக வண்டி ஓட்டி, பெட்டி தூக்கி, வயர் இழுக்கிறவன். பக்கத்து ஊர் மாதா கோயில் கொடியேற்றம் ஞாயிற்றுக்கிழமை. முன்பே ஒத்துக்கொண்டது. "விட்டுடலாமாக்கா?" என்று தயங்கினான். விட்டால் ரெமிஜியஸ் இனி வரமாட்டார் என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். "எடுத்துட்டுப் போவோம், நானும் வரேன்" என்றேன்.

ஷெட்டைத் திறந்து ஆம்ப்ளிஃபையர் அடுக்கிய ரேக்கை ஆன் செய்தான். நான்கு ஆம்ப்பும் லேப்டாப் திரையில் வரிசையாக வந்து நின்றன. இத்தனை வருடத்தில் இதை நான் கிட்டே போய்ப் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு ஆம்ப்புக்குள்ளயும் டிஎஸ்பின்னு ஒரு கார்டு இருக்குக்கா. குட்டி கம்ப்யூட்டர்தான். எந்த ஸ்பீக்கருக்கு எந்த சத்தம் போகணும், எவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு அதுதான் பிரிச்சு அனுப்பும். சூடு எவ்வளவு, ஸ்பீக்கர் ஒழுங்கா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். ஆபத்துன்னா அதுவே வாயை மூடிக்கும்."

வாயை மூடிக்கும் என்று சொன்னவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

செட்டிங்கைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கிறது. எல்லாவற்றையும் பார்க்கலாம், மியூட் போடலாம், எடுக்கலாம், அவர் ஏற்கெனவே போட்டுவைத்ததை எடுத்து ஓட்டலாம். மாற்ற மட்டும் முடியாது. விழா கமிட்டிக்காரர்கள் "இன்னும் ஏத்துங்க, இன்னும் ஏத்துங்க" என்று வந்து நோண்டுவார்களாம், அதனால் பூட்டி வைத்தாராம். உனக்குமா தெரியாது என்று கேட்டேன். "எனக்கு எங்க சொல்லப்போறாருக்கா? ஏத்துற ஆள்ல நான்தான் முதல் ஆளு."

உள்ளே போய் அவரிடமே கேட்டேன். பாஸ்வேர்டு என்னங்க? என் கண்ணையே பார்த்தார். உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "அதான்... அதான்... அதான்..." பிரபுவை 'அதான்' என்றே அடித்துப் பார்க்கச் சொன்னேன். தப்பு என்று வந்தது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மானம் போயிற்று.

கோயில் மைதானத்தை ஒட்டிய வயல்களில் சம்பா அறுவடை. காலையிலிருந்து மிஷின் ஓடுகிறது, ஊரெல்லாம் வைக்கோல் தூசி. மைக் டெஸ்ட் பண்ணப் பிரபுவுக்குக் கூச்சம். ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை முனகிவிட்டு ஓடி வந்துவிட்டான், பிள்ளைகள் சிரித்தார்கள். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஃபாதர் கொடியை மந்திரிக்க ஆரம்பித்தபோது இரண்டாவது ஆம்ப்பில் சூடு ஏறி மஞ்சள் ஆயிற்று.

அடுத்துச் செய்தது நான்தான். பிரபு மேல் பழி போடக்கூடாது. சமையல்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்கு ஈரச் சாக்கு சுற்றுவோமே, அந்தப் புத்தி. ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து ரேக்கின் முன்பக்கம் பூராவும் போர்த்திவிட்டேன். ஃபேன் காற்றை இழுப்பதே அந்த முன்பக்கம் வழியாகத்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கொஞ்ச நேரம் சூடு நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் நான்கிலும் விறுவிறுவென்று ஏறியது. டிஎஸ்பி முதலில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. ஃபாதர் கத்திப் பேசிப் பார்த்தார். பிறகு ஒன்று, அதன் பின்னாலேயே மற்றது, நான்கும் வாயை மூடிக்கொண்டன.

கொடி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு சனம். ஃபாதர் வாய் மட்டும் அசைகிறது.

"ரெமி இருந்தா இப்படி ஆவுமா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருக்காருய்யா. வீட்ல இருக்காரு. செத்தவனைப் பத்திப் பேசுற மாதிரி ஏன்யா பேசுறீங்க.

பிப்ரவரி 17, திங்கள்

பிரபு ஆம்ப்புகளின் முன்பக்க வலையைக் கழற்றிக் காட்டினான். பதரும் தூசியும் அடை அடையாக. அறுவடை மாதங்களில் இவர் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து பழைய டூத் பிரஷ்ஷால் எதையோ தேய்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் என்ன என்று கேட்டதில்லை.

மத்தியானம் இவரிடம் அந்த வலையைக் காட்டினேன். இடது கையால் வாங்கித் தடவிப் பார்த்தார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தஞ்சாவூர் போய்வந்தோம். சுடர்விழி மேடம் படம் படமாகக் காட்டினார். இவர் ஒவ்வொன்றுக்கும் சரியாக விரல் வைத்தார். பெயர் சொல்லச் சொன்னால்தான் அந்த ஒரே சொல்.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா. வார்த்தை உள்ள இருக்கு, வெளிய வர்ற வழி அடைஞ்சிருக்கு. ஆனா சில பேருக்கு யோசிக்காம வாய்ப்பழக்கமா வர்றது மட்டும் தப்பிச்சிடும். பாட்டு, ஜெபம், எண்ணுறது, கெட்ட வார்த்தை. ஆயிரம் தடவை சொன்னது ஏதாவது. வீட்ல முயற்சி பண்ணுங்க. ஒண்ணு வந்துட்டா அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போகலாம்."

கெட்ட வார்த்தை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷன் வாயில் அதுகூட வந்ததில்லை. பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்தேன். விரலை மடக்கி ஒண்ணு, ரெண்டு, மூணு என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 5, சாம்பல் புதன்

வீட்டுக்கே வந்து ஃபாதர் இவர் நெற்றியில் சாம்பல் பூசினார். கொடியேற்றத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் ஒரு ஜெபமாலை, சாயங்காலம் ஒன்று. "அருள் நிறைந்த" என்று நான் நிறுத்துவேன். மீதியை அவர் முடிக்க வேண்டும். "மரியே" வர வேண்டிய இடத்தில் "அதான்" வருகிறது. மாதாவே, உன் காதிலும் விழுந்துகொண்டுதானே இருக்கிறது? கோபித்துக்கொள்ளாதே. வேறு சொல்லை நீதான் கொடுக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் ஒரு கல்யாணம், கேட்டு வந்தார்கள். அந்த இடத்துக்கு இவர் செட்டிங் எதுவும் போட்டுவைக்கவில்லை. புதிதாகப் போடப் பூட்டு விடாது. திருச்சி டீலருக்குப் போன் செய்தேன்.

"ரீசெட் பண்ணிடலாம் மேடம், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா உள்ள இருக்கிற எல்லாம் போயிடும்."

உள்ளே என்னதான் இருக்கிறது என்று பிரபுவைத் திறந்து காட்டச் சொன்னேன். பெயர் பெயராக வந்தது. மாதா கோயில் உள்ளே. மாதா கோயில் மைதானம். மயிலாடுதுறை மண்டபம் கூட்டம். மயிலாடுதுறை மண்டபம் காலி. பெருமாள் கோயில் தேரடி. ஆற்றங்கரைக் காற்று.

"காத்துன்னா?"

"காவேரிக் கரையில காத்து ஒரே பக்கமா அடிக்கும்ல, சத்தத்தை இழுத்துக்கிட்டுப் போயிடும். அதுக்கு அண்ணன் தனியா போட்டது."

ஒவ்வொரு இடத்திலும் போய் நின்று, கடைசி வரிசை வரை நடந்து, காதால் கேட்டுக் கேட்டுப் போட்டிருக்கிறார். பேசத்தான் முடியவில்லை, இவருடைய காது முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை ஐந்து நிமிடத்தில் அழித்துவிடலாமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எதையோ கேட்டார். அதான், அதான் என்று ஜாடை காட்டினார். உப்பா என்றேன், ஊறுகாயா என்றேன், ஃபேனா, கதவா, பாத்ரூமா. எதற்கும் இல்லை. நேரம் போகப் போக அவருக்குக் கோபம் ஏறி டம்ளரைத் தட்டிவிட்டார். கஞ்சி என் மேலெல்லாம்.

என்னதான் வேணும் உங்களுக்கு? நான் என்ன செய்யணும்? ராத்திரி பகல் தூக்கம் இல்ல, வேலை இல்ல, பேச ஒரு ஆள் இல்ல, பைத்தியம் பிடிக்குது எனக்கு. இப்படி இருக்கிறதுக்கு நீங்க அன்னைக்கே போயிருக்கலாம்...

சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவருக்கு எல்லாம் புரியுது என்று மேடம் சொன்னாரே. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா, ஆண்டவரே.

மார்ச் 24, திங்கள்

மன்னிப்புக் கேட்டேன். இடது கையை என் தலைமேல் வைத்தார். அது இன்னும் அதிகமாக வலிக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

கோயம்புத்தூர் காலேஜிலிருந்து மகள் விண்ணரசி போன் செய்தாள். "அப்பாகிட்ட குடும்மா." போனைக் காதில் வைத்தேன். அவர் அதான் என்றார். அவள் எதையோ சொல்லச் சொல்ல இவர் அதான், அதான் என்று ஒவ்வொரு ராகத்தில் சொல்கிறார். கொஞ்சுகிற அதான், புத்தி சொல்கிற அதான். அந்தப் பக்கம் அவள் ஓவென்று அழுதுவிட்டாள். போனை வாங்கி, அப்பாவுக்குத் தேவலை என்று பொய் சொன்னேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கூத்தாநல்லூர் தௌபீக் பாய் வந்திருந்தார். அவரும் சவுண்ட் சர்வீஸ்தான். இவரும் அவரும் ஒரே விழாவுக்கு அடித்துக்கொள்வார்கள், அடுத்த வாரமே ஒருவருக்கொருவர் ஸ்பீக்கர் கடன் கொடுத்துக்கொள்வார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காதே. பொருள் சும்மா கிடந்தா கெட்டுடும். எலி வயரைக் கடிச்சிடும். நான் எடுத்துக்கிறேன், பிரபுவும் என்கூட வரட்டும். ரெமி எழுந்து வந்தா அன்னைக்கே கொண்டாந்து இறக்கிடறேன்."

"அந்தப் பூட்டு?"

"ரீசெட் போட்டுத்தாம்மா ஆவணும். பூட்டோட எடுத்துப் போயி நான் என்ன செய்ய?"

எழுந்து வந்தால். நானே இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாய் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு.

இவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அதான் என்றார். சம்மதமா, வேண்டாம் என்கிறாரா? எனக்கு என்ன தெரியும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசைக்குப் போகவில்லை. ஸ்பீக்கர் வேறு ஆள் போட்டிருக்கிறான். சத்தம் வீடு வரை வந்தது, ஒரு வார்த்தை விளங்கவில்லை. இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் தௌபீக் பாய் வண்டியோடு வந்தார். எடுத்துப் போவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்பீக்கர்களை வீட்டுக்கு எதிரே நெல் காயவைக்கிற களத்தில் நிறுத்தினார்கள். ரேக்கும் லேப்டாப்பும் ஷெட்டில், என்னிடம். கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் என் காதருகே ஓடுகிறது. களத்தின் ஓரம் புங்க மரத்து நிழலில் இவரை நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். தன் பொருள் போவதை அவர் பார்க்க வேண்டாம் என்று உள்ளே அழைத்தேன், எழுந்திருக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். பிரபு மைக் ஸ்டாண்டையும் அந்த நிழலிலேயே நட்டுவிட்டு வயரோடு ஸ்பீக்கர் பக்கம் போனான்.

தௌபீக் பாய் ஸ்பீக்கர் அருகில் நின்று கை காட்டிக் கத்தினார்: "தங்கச்சி, எல்லா அவுட்டையும் மியூட்ல போடு! காது போயிடும்! நான் சொல்லும்போது ஒண்ணொண்ணா எடு! முடிஞ்சதும் ரீசெட்!"

நான்கையும் மியூட்டில் போட்டேன். சூடு பச்சை, லோடு பச்சை, எல்லாம் பச்சை. மியூட் மட்டும் சிவப்பு. ஆஸ்பத்திரியில் இவர் தலைமாட்டில் இருந்த திரையும் இப்படித்தான் இருந்தது. எல்லாம் நல்லா இருக்கு என்று அதுவும் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர்களெல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வருகிற சத்தத்தைக் காட்டுகிற முதல் கோடு ஒரு குதி குதித்தது. அடங்கியது. இன்னொரு குதி. அடங்கியது. இன்னொரு குதி.

காற்று என்று நினைத்தேன். கோழி ஏதாவது வயரைக் கொத்துகிறதோ என்று நினைத்தேன். காற்று இப்படி நிறுத்தி நிறுத்தி அடிக்குமா? மறுபடி ஒன்று. இடைவெளி. ஒன்று. இடைவெளி. ஒன்று.

நிமிர்ந்து பார்த்தேன். இவர் இடது கையால் மைக் ஸ்டாண்டைப் பிடித்து வாயருகே சாய்த்திருக்கிறார். வாய் அசைகிறது. ஜெனரேட்டர் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் அசைகிறது, இங்கே பச்சைக் கோடு எழுகிறது.

மியூட்டை எடுத்தேன். நான்கையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

"...டூ... த்ரீ. செக். ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ."

தெரு பூராவும் கேட்டது. கொஞ்சம் குழறல் இருந்தது, ஆனால் அதே குரல், அதே இழுப்பு, த்ரீக்கு அப்புறம் விடுகிற அதே மூச்சு. தௌபீக் பாய் காதைப் பொத்தவே மறந்து "யா அல்லா" என்று அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டார். பிரபு வயரைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதேன். "சொல்லுங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொன்னார். அருள்ஜோதி சொல்லுங்க என்றேன். முகத்தைச் சுருக்கி வெகுநேரம் முயற்சி செய்தார். "அதான்" என்றார். பரவாயில்லை. போதும்.

ஆயிரம் தடவை சொன்னது ஏதாவது என்று மேடம் கேட்டபோது நான் ஜெபத்தைத் தேடிப் போனேன். இந்த மனுஷன் கல்யாண நாளைத் தவிர எந்தப் பூசைக்கு உள்ளே வந்தார்? கோயிலுக்கு வெளியே ரேக் பக்கத்தில் நின்றே காலத்தைக் கழித்தவர். ஊருக்கெல்லாம் தெரிந்த ஜெபம் அவர் வாயில் இருந்தது, எனக்குத்தான் ஞாபகம் வரவில்லை.

தௌபீக் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரபுவிடம், "டேய், எல்லாத்தையும் மறுபடி உள்ள ஏத்து" என்றார். வெறும் வண்டியோடு போனார்.

ஏப்ரல் 28, திங்கள்

சுடர்விழி மேடத்துக்குப் போன் செய்தேன். போனில் இவர் ஒன் டூ த்ரீ சொன்னதைக் கேட்டுவிட்டு, "மைக்கைக் கையிலயே குடுத்து வைங்கம்மா, எடுக்காதீங்க. ஃபோர் வருதான்னு பார்ப்போம்" என்றார்.

மே 9, வெள்ளி

இன்னும் மூன்றோடு நிற்கிறது. நேற்றும் மூன்று, இன்றும் மூன்று. ஃபோர் என்று நான் எடுத்துக் கொடுத்தால், அது எதற்கு என்பது போலப் பார்க்கிறார். சரிதான், எந்த சவுண்ட்காரர் நாலு சொல்லியிருக்கிறார்? ஆனாலும் பயமாக இருக்கிறது. இதோடு நின்றுவிட்டால்?

ஜூன் 1, ஞாயிறு

எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் கொடியேற்றம். ஆம்ப் வலைகளைப் பிரபு நேற்றே பிரஷ் போட்டுத் தேய்த்துவைத்தான். பாஸ்வேர்டு இன்னும் தெரியாது. பழைய பெயர்களில் 'அந்தோணியார் வாசல்' இருந்தது, அதை எடுத்துப் போட்டோம்.

இவரை ரேக் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மைக்கைக் கையில் கொடுத்தேன். ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ. சனம் திரும்பிப் பார்த்தது, சிலர் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே நன்றாகக் கேட்கட்டும் என்று மிக்ஸரில் அவர் மைக்கின் சத்தத்தை ஏற்றிவிட்டேன். ஸ்பீக்கரிலிருந்து கூய் என்று ஒரு கத்தல் கிளம்பியது.

அவர் வெடுக்கென்று என் பக்கம் திரும்பினார். புருவத்தை நெரித்துக்கொண்டு, எத்தனையோ வருடமாக நான் பார்த்த அதே கோபத்தோடு, மைக்கிலேயே சொன்னார்.

"கொற."

ஊரே கேட்டது. குறைத்தேன்.